முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு: வீட்டைப் போன்ற, மனிதரை மையமாகக் கொண்ட கவனிப்பு

பக்கவாதம், மறதிநோய், நடுக்குவாதம், இடுப்பு எலும்பு முறிவு, முதுமைத் தளர்ச்சி போன்ற காரணங்களால் ஒருவர் குளிக்கவும், உடுத்தவும், உண்ணவும், கழிப்பறைக்குச் செல்லவும் பிறர் உதவியை நாட வேண்டிய நிலை ஏற்படலாம். இவ்வுதவி சில நாட்களில் முடிவதில்லை. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறது. இதுவே நீண்டகாலப் பராமரிப்பு எனப்படுகிறது.

உடலைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருப்பது இப்பராமரிப்பின் ஒரு பாதி. அம்முதியவர் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையின் ஒழுங்கை இயன்றவரை தொடரச் செய்வது மறுபாதி. மறுபாதி விடுபட்டால் முதற்பாதியும் நிலைப்பதில்லை. உணவு குறைகிறது, உறக்கம் கெடுகிறது, நடை நின்றுபோகிறது, நோய் வளர்கிறது. ஆகவே "இவருக்கு என்ன நோய்?" என்ற கேள்வியுடன் "இவர் யார்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மனிதரை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்பதன் பொருள் இதுவே.

நம் மாவட்டத்தில் இதன் தேவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவர்கள் 10.4 விழுக்காட்டினர், அண்டையிலுள்ள கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்வி முன்னதாகவே பரவியது. படித்த இளையோர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களுக்கும் பணியின் பொருட்டுச் சென்றுள்ளனர். நாஞ்சில் நாட்டின் ஊர்களில் பெரிய வீட்டில் முதிய கணவனும் மனைவியும் மட்டுமோ, அவர்களுள் ஒருவர் மட்டுமோ வாழ்வதைக் காணலாம்.

இந்நிலையில் குடும்பத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. வீட்டிலேயே உறவினரோ பணியாளரோ கவனித்துக்கொள்வது ஒன்று. பிள்ளைகள் முறைவைத்துத் தத்தம் வீட்டில் வைத்துக்கொள்வது மற்றொன்று. முதியோர் இல்லத்தில் சேர்ப்பது மூன்றாவது. எவ்வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கீழே கூறப்படும் முறைகள் பொருந்தும்.

முறைவைத்து மாற்றும் வழக்கம் குறித்து ஒரு எச்சரிக்கை தேவை. மறதிநோய் உள்ளவருக்குப் புதிய வீட்டில் கழிப்பறை எங்கே, படுக்கை எங்கே என்பது மீண்டும் மீண்டும் புதிராகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவருடைய குழப்பமும் கீழே விழும் வாய்ப்பும் கூடலாம். இயன்றால் முதியவரை ஓரிடத்தில் நிலையாக இருக்கச் செய்து, பிள்ளைகள் முறைவைத்து அங்கே வந்து தங்குவது நல்லது.

இக்கருத்து உருவான வரலாறு

இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் டாம் கிட்வுட், மறதிநோய் உள்ளோரின் பராமரிப்பைக் குறித்து 1997ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நினைவு குறைந்தாலும் மனிதருக்குச் சில தேவைகள் மாறாமல் இருக்கின்றன என்று விளக்கினார். ஆறுதல், அடையாளம், பிணைப்பு, செய்வதற்கு ஒரு பணி, பிறருடன் சேர்ந்திருத்தல் ஆகியவை அத்தேவைகள். இவற்றின் நடுவில் அன்பை அவர் வைத்தார்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் மருத்துவராக இருந்த பில் தாமஸ், அங்கு வாழ்ந்தோரைத் தனிமை, கையறுநிலை, சலிப்பு ஆகிய மூன்றும் வாட்டுவதைக் கண்டார். 1991ஆம் ஆண்டு முதல் அவ்வில்லத்திற்குள் செடிகளையும், பறவைகளையும், நாய்களையும், பூனைகளையும் கொண்டுவந்தார். குழந்தைகள் வந்துபோகவும் வழிசெய்தார். பின்னர் 2003ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் பத்துப் பேர் அளவில் வாழும் சிறு வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனியறை, அனைவருக்கும் பொதுவான சமையலறை, அனைவரும் சேர்ந்து உண்ணும் ஒரு மேசை ஆகியவை அவ்வீடுகளின் அமைப்பு.

நமக்கு அருகிலும் முன்மாதிரி உண்டு. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, நோய் ஆதரவுச் சிகிச்சைப் பணி, பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே நோயாளியின் வீட்டுக்குச் சென்று உதவும் அமைப்பாகக் கேரளம் முழுவதும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், மருத்துவமனைக்கு வர இயலாதோரின் வீட்டுக்கே மருத்துவச் சேவைகளைக் கொண்டுசெல்கிறது.

"பத்திரமாக இருங்கள்" என்பதில் உள்ள இடர்

ஒரு எடுத்துக்காட்டைக் கருதுங்கள். எழுபத்தெட்டு வயதான ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் தெருமுனைக் கடைவரை நடந்து சென்று, தேநீர் அருந்தி, செய்தித்தாள் படித்துத் திரும்புகிறார். ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுகிறார். எலும்பு முறியவில்லை. ஆயினும் அஞ்சிய குடும்பத்தினர் "இனி வெளியே போக வேண்டாம், பத்திரமாகப் படுத்திருங்கள்" என்கின்றனர். சில வாரங்களில் அவருடைய கால் தசைகள் மெலிகின்றன. கழிப்பறைக்கு நடக்கத் தயங்குவதால் உறிஞ்சும் உள்ளாடை அணிவிக்கப்படுகிறது. பகலில் படுத்தே இருப்பதால் இரவில் உறக்கம் வருவதில்லை. உண்ணும் அளவு குறைகிறது. முதுகின் அடிப்பகுதியில் புண் தோன்றுகிறது. "வயதாகிவிட்டது" என்று அனைவரும் கூறுகின்றனர்.

இங்கு அவரைப் படுக்கையில் வீழ்த்தியது வயது மட்டுமன்று. விழுந்ததற்குரிய காரணம் ஆராயப்படவில்லை. கண்புரை, தளர்ந்த காலணி, இரத்த அழுத்த மாத்திரையால் எழுந்தவுடன் வரும் தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம். ஊன்றுகோலும், படியருகே ஒரு கைப்பிடியும், உடன் நடக்க ஒருவரும் இருந்திருப்பின் அவருடைய காலை நடை தொடர்ந்திருக்கும்.

இடர் சிறிதும் இல்லாத வாழ்க்கை எவருக்கும் இல்லை. ஒரு செயலை நிறுத்துவதற்கு முன், அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.

முதற்படி: ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு

முதியவருடன் அமர்ந்து கீழ்க்காணும் செய்திகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவரால் கூற இயலாவிடில் உடன்பிறந்தோரிடமும் பழைய நண்பர்களிடமும் கேளுங்கள். தாளின் ஒரு படியைக் கவனிப்பவரிடமும், ஒரு படியை மருத்துவக் கோப்பிலும் வையுங்கள்.

• எப்பெயரால் அழைப்பதை விரும்புகிறார்? முன்பின் அறியாதோர் "தாத்தா", "பாட்டி" என்று அழைப்பதை விரும்பாதோரும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு "சார்" என்ற அழைப்பே இயல்பாக இருக்கலாம்.
• எம்மொழியில் பேசுவது எளிது? விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் பேசி வளர்ந்தோர் உள்ளனர். மறதிநோய் முற்றும்போது இளமையில் பேசிய மொழியே எஞ்சி நிற்கக்கூடும்.
• என்ன தொழில் செய்தார்? வயல் வேலை, மீன்பிடித்தல், ரப்பர் பால்வெட்டு, பனைத் தொழில், முந்திரி ஆலைப் பணி, பூக்கட்டுதல் என அவர் கைகள் எதற்குப் பழகியவை?
• எப்போது எழுவார், எப்போது குளிப்பார், எப்போது உறங்குவார்? குளிப்பது வெந்நீரிலா, தண்ணீரிலா?
• எவ்வுணவை விரும்புவார்? எதைத் தொடமாட்டார்?
• கோயில், ஆலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்குச் செல்லும் வழக்கம் என்ன? வீட்டில் வழிபாட்டு நேரம் எது?
• எதற்கு அஞ்சுவார்? எது அவருக்கு அமைதி தரும்?

நாளின் ஒழுங்கு

காலை: கடலுக்குச் சென்றவர்களும் பால்வெட்டுத் தொழில் செய்தவர்களும் வாழ்நாள் முழுவதும் இருள் பிரியும் முன்பே எழுந்தவர்கள். அவர்கள் நான்கு மணிக்கு விழிப்பதை உடனே உறக்கக் கோளாறாகக் கருத வேண்டாம். ஒரு விளக்கை ஏற்றி, குடிக்கச் சூடாக ஏதேனும் கொடுத்து, திண்ணையில் அமரச் செய்யுங்கள். மருத்துவரைக் கேளாமல் தூக்கமாத்திரை கொடுக்காதீர்கள். அது விழுதலுக்கும் குழப்பத்திற்கும் வழிவகுக்கும்.

குளியல்: நேரத்தை அவரிடம் கேளுங்கள். செய்யப்போவதை முன்கூட்டியே கூறுங்கள். கதவை மூடுங்கள், உடலைத் துண்டால் போர்த்தி, கழுவும் பகுதியை மட்டும் திறவுங்கள். முகத்தையும் கைகளையும் அவரே கழுவட்டும். குளியலை மறுப்பவருள் பலர் நீரை மறுப்பதில்லை. கூச்சத்தாலும் குளிராலும் மறுக்கின்றனர்.

உணவு: மென்மையான உணவு தேவைப்படும்போதும் பழகிய சுவையைக் கைவிட வேண்டாம். பயறு சேர்த்த சம்பா அரிசிக் கஞ்சி, முள் நீக்கிய மீன், நன்கு வேகவைத்து மசித்த மரச்சீனி, மட்டிப்பழம் ஆகியவற்றை அவரவர் நோய்க்கேற்ப, மருத்துவரின் அறிவுரைப்படி கொடுக்கலாம். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அளவைக் கேட்டறிவது கட்டாயம். நிமிர்ந்து அமர்ந்த நிலையில் ஊட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவிடாதீர்கள். முதுமையில் தாக உணர்வு குறையும். ஆகையால் நீரை அவ்வப்போது நினைவூட்டிக் கொடுங்கள். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் நீரின் அளவை மருத்துவர் கூறுவார்.

பணி: கீரை ஆய்தல், பயறு உரித்தல், பூக்கட்டுதல், துணி மடித்தல், வலையின் ஓர் இழையைச் சரிசெய்தல் போன்ற சிறு வேலைகளை அவர் கையில் கொடுங்கள். வேலை செம்மையாக முடிவது முதன்மையன்று. தம்மால் இவ்வீட்டுக்குப் பயனுண்டு என்று அவர் உணர்வதே முதன்மையானது.

வீட்டமைப்பு: வாசற்படியின் விளிம்பில் வேறுபட்ட நிறத்தில் வண்ணம் பூசுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்குச் செல்லும் வழியில் கைப்பிடியும் இரவு விளக்கும் அமையுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி படியும். அதைத் தேய்த்து அகற்றுங்கள். அவருடைய கட்டில், நாற்காலி, சுவரிலுள்ள படங்கள் ஆகியவற்றை இடம் மாற்றாதீர்கள்.

"வீட்டுக்குப் போகணும்" என்று அவர் கூறும்போது

மறதிநோய் உள்ளவர் தம் வீட்டில் இருந்துகொண்டே மாலைநேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று கூறுவதுண்டு. "இதுதானே உங்கள் வீடு" என்று வாதிடுவது பயன் தராது. அவர் தேடுவது இளமையில் வாழ்ந்த வீடாக இருக்கலாம். அல்லது அச்சமற்ற ஓர் இடமாக இருக்கலாம். சொல்லைத் திருத்துவதை விட்டு அதன் பின்னுள்ள தேவையைத் தேடுங்கள்.

முதலில் உடலைப் பாருங்கள்: பசியா, வலியா, மலச்சிக்கலா, சிறுநீர் கழிக்க வேண்டுமா? பின்னர் "அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள், முற்றத்தில் என்ன மரம் நின்றது?" என்று கேளுங்கள். சிறிது தூரம் உடன் நடந்து திரும்புங்கள். மாலையில் விளக்குகளை முன்னதாகவே ஏற்றுங்கள். வெளியே தனியாகச் செல்லும் வழக்கம் இருந்தால், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை அவர் உடையில் வைத்து, அண்டை வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் தெரிவியுங்கள்.

கட்டிலில் கட்டிவைப்பதும் அறையில் பூட்டிவைப்பதும் தீர்வல்ல. அவை காயத்தையும் அச்சத்தையும் கூட்டுகின்றன. பொறுக்க இயலாத அளவுக்குக் கலக்கம் இருந்தால் மருத்துவரிடம் கூறி உதவி பெறுங்கள்.

நீங்களே அம்முதியவராக இருந்தால்

உங்கள் விருப்பத்தைத் தெளிவாகக் கூற இயலும்போதே கூறிவிடுங்கள். எங்கு வாழ விரும்புகிறீர்கள், யார் உங்களைக் கவனிக்க வேண்டும், எச்சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பவற்றைக் குடும்பத்தினரிடமும் மருத்துவரிடமும் பேசி, எழுதியும் வையுங்கள். மருத்துவமனையில் கேள்விகளை உங்களிடமே கேட்குமாறு கூறுவது உங்கள் உரிமை. உதவி பெறுவதால் உங்கள் முடிவெடுக்கும் உரிமை குறைவதில்லை.

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்க எண்ணினால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் செய்யுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் அப்பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. இச்சட்டப்படி பராமரிப்புத் தொகை கோரியும் விண்ணப்பிக்கலாம். பிள்ளையற்ற மூத்த குடிமக்கள், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் பராமரிப்புக் கோரலாம். கோட்டாட்சியர் இத்தீர்ப்பாயத்திற்குத் தலைமை வகிக்கிறார். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன.

முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதாகாது. வீட்டில் கிட்டாத கவனிப்பு அங்குக் கிட்டுமாயின் அதுவே தக்க முடிவாக இருக்கலாம். ஆயினும் முதியவரின் இசைவின்றிச் சேர்க்காதீர்கள். முடிவெடுக்கும் முன் அவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். முன்னறிவிப்பின்றி ஒரு முறையும், உணவு வேளையில் ஒரு முறையும் சென்று பாருங்கள். தரை பளபளப்பதையும் படுக்கை விரிப்பு வெண்மையாக இருப்பதையும் மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டாம்.

• அனைவரும் ஒரே நேரத்தில்தான் எழ வேண்டுமா? விரும்பிய நேரத்தில் எழவும் உறங்கவும் இயலுமா?
• தம் கட்டில் விரிப்பு, படம், வழிபாட்டுப் பொருள் ஆகியவற்றைக் கொண்டுவர அனுமதி உண்டா?
• பணியாளர்கள் முதியோரைப் பெயர் சொல்லியோ உரிய மரியாதைச் சொல்லாலோ அழைக்கின்றனரா? அமர்ந்து பேசுகின்றனரா? அடிக்கடி பணியாளர் மாறுகின்றனரா?
• பகல் பதினொரு மணிக்கு எத்தனை பேர் படுக்கையில் உள்ளனர்? எத்தனை பேர் எதையேனும் செய்துகொண்டிருக்கின்றனர்?
• எவரேனும் கட்டப்பட்டுள்ளனரா?
• குடும்பத்தினர் எந்நேரமும் வந்து பார்க்கலாமா?
• இரவில் உடல்நலம் குன்றினால் யார் வருவார்? எம்மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வர்?
• இல்லம் அரசிடம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? இதனை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

சேர்த்தபின் முதல் சில வாரங்களில் அடிக்கடி செல்லுங்கள். நீங்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பைப் பணியாளர்களிடம் கொடுத்து, அதிலுள்ளவற்றைப் பேசிக் காட்டுங்கள். தொலைவில் வாழும் பிள்ளைகள் குறித்த நாளில், குறித்த நேரத்தில் அழைப்பது, எப்போதாவது நெடுநேரம் பேசுவதைவிட நன்மை தரும். முதியவர் அந்நேரத்தை எதிர்நோக்கியிருப்பார்.

கவனிப்பவரின் நலம்

பல வீடுகளில் இப்பணி முழுவதும் மனைவி, மகள் அல்லது மருமகள் ஆகிய ஒருவர் தலையில் விழுகிறது. அவர் உறக்கமின்றி, சொந்த மாத்திரைகளையும் மறந்து உழைக்கிறார். சினம், குற்ற உணர்வு, அழுகை ஆகியவை களைப்பின் அறிகுறிகள். அவை அன்பின்மையைக் காட்டுவன அல்ல. வாரத்தில் ஒரு நாளேனும் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். பணம் அனுப்பும் உறவினர் விடுமுறையில் வரும்போது விருந்தினராக இராமல், அந்நாட்களில் பராமரிப்பைத் தாமே ஏற்றுக்கொள்வது பெரிய உதவியாகும். மனச்சோர்வு நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

எப்போது உடனே மருத்துவரை நாட வேண்டும்?

• சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனத் தோன்றிய குழப்பம், பிதற்றல் அல்லது மிகுந்த மயக்க உறக்கம். இது மறதிநோயின் இயல்பான வளர்ச்சியன்று. நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவை காரணமாகலாம்.
• முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல். உடனே 108 எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முதன்மையானது.
• விழுந்தபின் எழ இயலாமை, கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ காணப்படுதல். எண்ணெய் தடவுதலோ நீவுதலோ செய்யாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.
• அழுத்தினாலும் மறையாத தோல் சிவப்பு அல்லது கருமை. இது படுக்கைப் புண்ணின் தொடக்கம். படுத்த நிலையை இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள்.
• அடிக்கடி புரையேறுதல், விரைவான எடைக்குறைவு, உணவை முற்றிலும் மறுத்தல்.

ஆயுர்வேத, சித்த மருந்துகளையும் எண்ணெய்களையும் பயன்படுத்துவோர் அவற்றையும் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

உதவி பெறும் இடங்கள்

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவரின் பெயரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நலவாழ்வு மையத்திலோ தெரிவியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறை மருத்துவமும், நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. மேல் சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். சட்ட உதவி, புறக்கணிப்பு, கொடுமை, ஓய்வூதியம் குறித்த வழிகாட்டுதலுக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. மருத்துவ ஆலோசனைக்கு 104.

இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க இயலாது. இன்று ஒன்றைச் செய்யுங்கள்: முதியவரின் அருகில் அமர்ந்து, "நாளைக் காலை எப்படித் தொடங்கினால் உங்களுக்கு நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையிலிருந்து உங்கள் பராமரிப்புத் திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் கலந்தறிந்தே மேற்கொள்ள வேண்டும்.